நினைவும் வரலாறும்

சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் 2011இல் ஓர் அரிய பணியைத் தொடங்கியது. 2015ஆம் ஆண்டுக்குள் மக்களிடமிருந்து 50 இலட்சம் நினைவுகளைத் திரட்டுவது அதன் இலக்கு. நோக்கத்தைப் போற்றுகிறோம், எண்ணிக்கையை அளவுகோலாக்கியதை மட்டும் ஏற்கத் தயங்குகிறோம். நினைவுகளைக் குவிப்பது வேறு. வரலாறு எழுதுவது வேறு. கோக்கப்படாத மணிகள் மாலையாவதில்லை.

சான்று ஒன்று காண்போம். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் நிறுவிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. சமுதாய வரலாறு இவ்விரண்டு ஆண்டுகளைக் குறித்துவிட்டு நின்றுவிடும். அங்குப் பயின்ற ஒருவரோ தம் ஆசிரியரையும் வகுப்புத் தோழரையும் உருக்கத்தோடு நினைவுகூர்வார். ஆண்டும் காரணமும் அவர் பேச்சில் வாரா.

இவ்விரண்டையும் இணைக்கும் நூல் கேள்வியே. "எந்த ஆண்டு? எந்தத் தெரு? உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எப்போது ஆங்கிலப் பள்ளிக்கு மாறினர்? ஏன்?" எனப் பொறுமையாகக் கேட்டால், ஒரு குடும்பம் எடுத்த முடிவும் ஒரு பள்ளிக்கு நேர்ந்த முடிவும் ஒன்றையொன்று விளக்கும். அந்நாட்டில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு, ஒருவர் வாழ்வை அவர் வாயாலேயே விரிவாகக் கேட்டுப் பதிவு செய்த முறை இதற்கு நல்ல வழிகாட்டி.

நம் இல்லங்களிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இன்றே கேட்போம். கேட்கப்படாத நினைவு அவர்களோடு அடக்கமாகிவிடும்.