பார்ட்னர்ஷிப் பத்திரம் எங்கே?

உத்திரமேரூருக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டாலும் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேடையில் ஜனநாயகத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் நம் தலைவர்களுக்கு உடனே இந்த ஊர் ஞாபகம் வந்துவிடும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடியும் சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலைத் தேர்தல் நடந்த ஊர்!

வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டில் எனக்குப் பிடித்தது குடவோலை அல்ல, இரண்டு தேதிகள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919-ல் தேர்தல் விதிகளை வெட்டிவைத்தார்கள். 921-ல் அதைத் திருத்தி மறுபடி வெட்டினார்கள். இரண்டே வருஷத்தில் ஓட்டை தெரிந்திருக்க வேண்டும். அதையும் கல்லிலேயே அடைத்துவிட்டார்கள். நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் சபைதான் அது. இன்றைய ஜனநாயகத்தோடு ஒப்பிட்டுப் புல்லரிக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவுக்காரர்களும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று எழுதினார்களே... தகராறு வரும் என்று தெரிந்து முன்கூட்டியே எழுதிவைத்தவர்கள்!

கோயிலிலிருந்து வெளியே வந்து டீ குடித்த கடையை அக்கா புருஷனும் மச்சினனுமாக நடத்துகிறார்கள். "சண்டை வராதா?" என்று கேட்டேன்.

"வராம இருக்குமா சார்? பால், சர்க்கரை வாங்குறதுக்கு யாரும் யாரையும் கேக்க மாட்டோம். கடன் வாங்கணும், கடையை மாத்தணும்னா மட்டும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். எழுதி வெச்சிருக்கோம்" என்றார் மூத்தவர்.

நான் பி.காம். படித்தவன். 1932-ம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், அதாவது பார்ட்னர்ஷிப் சட்டம், கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. கூட்டாளிகள் வேறு விதமாக ஒப்பந்தம் போடாதவரை, சாதாரண விஷயத்தில் கருத்து வேறுபாடு வந்தால் பெரும்பான்மை முடிவு. அதற்கு முன் ஒவ்வொருவருக்கும் தன் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் வியாபாரத்தின் தன்மையையே மாற்றுவதென்றால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

டீக்கடைக்குத் தெரிந்த இந்த விஷயம் டெல்லிக்குத் தெரிந்ததா?

பாதி தெரிந்தது. 2004-ல் காங்கிரஸ் தலைமையிலான கூட்டணி 'குறைந்தபட்ச பொது செயல்திட்டம்' என்று ஒன்றை எழுதியது. வெளியிலிருந்து ஆதரித்த இடதுசாரிகளோடு பேச ஒரு ஒருங்கிணைப்புக் குழுவும் வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. 2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டம் அந்தத் திட்டத்தில் எழுதியிருந்த வாக்குறுதிதான்.

லாபத்தில் ஓடும் அரசு நிறுவனங்களைப் பொதுவாகத் தனியார்மயமாக்க மாட்டோம் என்றும் அதில் எழுதியிருந்தது. 10 சதவிகிதப் பங்கை விற்பது தனியார்மயமா, இல்லையா? அதை எழுதவில்லை. 2006 ஜூனில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் 10 சதவிகிதப் பங்கை விற்க மத்திய அரசு முடிவெடுத்தது. ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தி.மு.க. ஆதரவைக் காட்டி எச்சரித்தது. பிரதமர் மன்மோகன் சிங் எல்லாப் பங்கு விற்பனையையும் நிறுத்திவைத்தார்.

தொழிலாளிக்கு ஜெயம்தான், சந்தோஷம். ஆனால் தி.மு.க. அந்த மத்திய அரசிலேயே பங்கு வகித்த கட்சி. உள்ளே மேஜையில் தீர்க்க வேண்டிய விஷயத்துக்கு நெய்வேலிக்காரர் ஏன் சம்பளத்தை விட்டுவிட்டு வெளியே நிற்க வேண்டும்?

அடுத்தது அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தம். மன்மோகன் சிங்குக்கு அது அரசாங்கம் எடுக்கக்கூடிய ஒரு முடிவு. இடதுசாரிகளுக்கு அது வியாபாரத்தின் தன்மையையே மாற்றுகிற விஷயம். சண்டையே இதுதான். இது எந்த வகை என்று தீர்மானிப்பது யார்? அதற்கு விதி இல்லை. 2007-ல் தனிக்குழு போட்டார்கள். மாதக்கணக்கில் கூடிப் பேசினார்கள். பேசத்தான் முடிந்தது, தீர்க்க முடியவில்லை. 2008 ஜூலை 8-ம் தேதி இடதுசாரிகள் விலகலை அறிவித்தார்கள். 22-ம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் 275-க்கு 256 என்று அரசு பிழைத்தது. அதற்கு முன் பா.ஜ.க. எம்.பி.க்கள் ரூபாய் நோட்டுக் கட்டுகளை அவைக்குள் எடுத்துக் காட்டிய காட்சியை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். முறை இல்லாத இடத்தில் எண்ணிக்கைதான் பேசும்.

'எழுதிவைத்தால் மட்டும் உடையாதா?' என்று கேட்பீர்கள். உடையும். ஜெர்மனியில் 2021-ல் மூன்று கட்சிகள் நூறு பக்கங்களுக்கு மேல் ஒப்பந்தம் எழுதித்தான் ஆட்சி அமைத்தன. 2024 நவம்பரில் பட்ஜெட் தகராறில் உடைந்தது. ஆனால் என்ன எழுதினார்கள், எதில் முறிந்தது என்று ஓட்டுப் போட்டவர் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

நாம் எதைப் புரட்டுவது?

தமிழ்நாட்டில் 1967 முதல் 2021 வரை நடந்த எந்தச் சட்டமன்றத் தேர்தலுக்குப் பிறகும் கூட்டணி மந்திரிசபை அமையவில்லை. 2006-ல் தி.மு.க.வுக்கு 234-ல் 96 இடம்தான். அப்போதும் காங்கிரஸ் வெளியே நின்றே ஐந்து வருஷம் ஆதரித்தது. இங்கே கூட்டணி ஒப்பந்தம் என்றால் யாருக்கு எத்தனை சீட் என்கிற ஒற்றைத் தாள். 2011 மார்ச்சில், மத்திய மந்திரிசபையிலிருந்து விலகுகிறோம் என்று தி.மு.க. அறிவித்ததும் காங்கிரஸ் கேட்ட 63 தொகுதிகளால்தான். மூன்றே நாளில் 63-க்கே சமாதானமானார்கள். அதில் காங்கிரஸ் ஜெயித்தது 5.

நெய்வேலிக்கோ, காவிரிக்கோ அந்தத் தாளில் இடம் கிடையாது.

கருத்து வேறுபாடு தப்பில்லை. வேறுபாடே இல்லையென்றால் எதற்கு இரண்டு கட்சி? அது வந்தால் எங்கே பேசுவது, எத்தனை நாளில் முடிப்பது, எதற்கெல்லாம் எல்லோர் கையெழுத்தும் வேண்டும் என்று முன்னாலேயே சொல்லாததுதான் தப்பு. அதைச் சொல்ல வேண்டியது தேர்தலுக்குப் பிறகு ஆளுநர் மாளிகை வாசலில் அல்ல. நம்மிடம், ஓட்டுக் கேட்க வரும்போது.

அடுத்த முறை இரண்டு தலைவர்கள் சிரித்துக்கொண்டே தாளை மாற்றிக்கொள்ளும் போட்டோ பத்திரிகையில் வந்தால், சால்வையைப் பார்க்காதீர்கள். அந்தத் தாளில் சீட் கணக்குக்குக் கீழே இன்னொரு வரியாவது இருக்கிறதா என்று உங்கள் தொகுதி வேட்பாளரிடம் கேளுங்கள். உத்திரமேரூர் டீக்கடைக்காரரிடம் கேட்டேன், உடனே பதில் சொன்னாரே!