அல்லூரும் ஆலூரும்

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் புத்தகக் காட்சி பார்க்கப் போகிறவர்கள் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். ஏதாவது ஒரு கடையில் ‘உலக வரலாறு இருக்கா?’ என்று கேளுங்கள். நேருவின் ‘உலக சரித்திரம்’ வரும். ஹராரி வருவார், ஜாரெட் டைமண்ட் வருவார். கிரேக்கம், ரோம், பிரெஞ்சுப் புரட்சி, ஹிட்லர் என்று ஒரு வரிசை மேசைமேல் ஏறும். சோழர்களைப் பற்றி ஒரு புத்தகமும் வராது. அது ‘தமிழக வரலாறு’, வேறு அலமாரி. பெரும்பாலும் கல்கியின் ஐந்து பாகங்களுக்குப் பக்கத்தில் இருக்கும்.

கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாம் வாங்குகிற முறைதான் அப்படி. ஆனால் இந்த இரண்டாவது அலமாரியில் உள்ள புத்தகங்களைத் திறந்து அதன் சொற்களைப் பாருங்கள். பேரரசு, இடைக்காலம், இருண்ட காலம், பொற்காலம், நிலப்பிரபுத்துவம், ஜனநாயகம். பாதிக்கு மேல் முதல் அலமாரியிலிருந்து கடன் வாங்கியவை. உலகம் வேறு, நாம் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறோமே தவிர, நம்மை அளக்கும் கோல் அங்கேயிருந்துதான் வருகிறது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். உலகத்துக் கணினிகள் பலவும் பயன்படுத்தும் நேர மண்டல டேட்டாபேஸில் ‘மெட்ராஸ் நேரம்’ என்ற ஒரு பழைய பதிவு இன்னும் இருக்கிறது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகம் கணித்துக் கொடுத்த நேரம் அது. இந்திய ரயில்கள் பல வருஷம் அதை வைத்துத்தான் ஓடின, 1906இல் இந்தியத் திட்ட நேரம் வரும்வரை. ஆனால் அந்தப் பதிவைத் திறந்தால், கிரீன்விச்சிலிருந்து ஐந்து மணி இருபத்தோரு நிமிடம் சொச்சம் என்றுதான் எழுதியிருக்கும். நுங்கம்பாக்கத்தில் உச்சி வெயில் அடிக்க கிரீன்விச்சின் தயவு தேவையில்லை. அதை எழுதி வைக்கத்தான் தேவைப்படுகிறது.

‘இருண்ட காலம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சங்க காலம் முடிந்து பல்லவர், பாண்டியர் எழும்வரை உள்ள சுமார் மூன்று நூற்றாண்டுகள். களப்பிரர் காலம். ஐரோப்பாவில் ரோம் 476இல் வீழ்ந்து, இருள் சூழ்ந்து, பிறகு ஒளி வந்தது என்ற கதை இருந்தது. அதே அச்சு இங்கேயும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. 1979இல் சிவகங்கைச் சீமையில் பூலாங்குறிச்சிக் கல்வெட்டு கிடைத்தது. சுமார் ஐந்தாம் நூற்றாண்டுக்குரியது அது. கோயில், பிரம்மதேயம், நிலத்தின் மேல் உரிமை என்று ஒரு நிர்வாகம் அதில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே யாரும் இருட்டில் தடவிக்கொண்டிருக்கவில்லை, நமக்கு ஆவணம் குறைவு, அவ்வளவுதான். ஐரோப்பிய வரலாற்றாசிரியர்களே அந்தச் சொல்லைப் பெரும்பாலும் கைவிட்டாயிற்று. நம் போட்டித் தேர்வு வழிகாட்டிகள் இன்னும் விடவில்லை.

இது சின்ன உதாரணம். பெரிய உதாரணம் சோழ அரசு எப்படிப்பட்ட அரசு என்ற சண்டை. அரை நூற்றாண்டு நடந்த சண்டை. தமிழில் இதைப் பற்றி ஆய்வாளர்களுக்கு வெளியே பேச்சே இல்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி ‘சோழர்கள்’ நூலின் இரண்டு தொகுதிகளையும் ஆங்கிலத்தில் 1935இலும் 1937இலும் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர், ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளைப் படித்து வரிசைப்படுத்தியவர். அந்த உழைப்புக்கு முன் நாமெல்லாம் தூசு. ஆனால் இராஜராஜனும் அவனுக்குப் பின் வந்தவர்களும் ஆண்ட அரசைச் சொல்லவேண்டி வந்தபோது அவர் தேடிப் போன உவமை பைசாந்தியம். கான்ஸ்டான்டிநோபிளின் மணிமுடி, அடுக்கடுக்கான அதிகாரிகள், அரண்மனைச் சடங்கு. அதே கையோடு, கீழே கிராம சபைகள் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டன என்றும் எழுதினார். மேலே பைசாந்தியம், கீழே குட்டிக் குட்டிக் குடியரசுகள்.

ஏன் பைசாந்தியம்? 1930களில் உட்கார்ந்து யோசித்தால் புரிகிறது. இந்தியாவுக்கே வராத ஜேம்ஸ் மில் 1817இல் இந்திய வரலாறு எழுதி, இங்கே இருந்ததெல்லாம் கொடுங்கோன்மை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். அந்தத் தீர்ப்பைப் படித்துத்தான் ஐ.சி.எஸ். அதிகாரிகள் கப்பல் ஏறினார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டுமென்றால் அவர்கள் மதிக்கும் ஒன்றைக் காட்டவேண்டும். ரோமின் கிழக்கு வாரிசைவிட மதிப்பான ஒன்று என்ன இருக்கிறது? அந்த ஒப்பீடு ஒரு மனு. எங்களிடமும் இருந்தது ஐயா, என்கிற மனு.

1980இல் அமெரிக்கர் பர்ட்டன் ஸ்டைன் வந்தார். சாஸ்திரியின் சித்திரத்தில் மேலும் கீழும் ஒட்டவில்லை என்றார். அவ்வளவு வலிமையான அதிகார வர்க்கம் இருந்தால் கிராமங்களுக்கு அவ்வளவு சுயாட்சி எப்படி? அவ்வளவு சுயாட்சி இருந்தால் அதிகார வர்க்கம் என்ன செய்துகொண்டிருந்தது? நியாயமான கேள்வி. இன்று படித்தாலும் குத்துகிற கேள்வி. அவருடைய பதில்: உண்மையான அதிகாரம் நாடுகளில் இருந்தது. ‘நாடு’ என்றால் இங்கே பல ஊர்கள் சேர்ந்த வேளாண் வட்டாரம். அரசனின் நேரடிப் பிடி காவிரிப் படுகையைத் தாண்டவில்லை, மற்ற இடங்களில் அவன் பெரும்பாலும் சடங்குத் தலைவன். இந்த மாதிரியை அவர் எடுத்தது ஏடன் சவுத்தால் என்ற மானுடவியலாளரிடமிருந்து. சவுத்தால் அதை உருவாக்கியது கிழக்கு ஆப்பிரிக்காவில், ஆலூர் என்ற மக்களிடையே. 1956இல் வந்த புத்தகம்.

ஆப்பிரிக்கா என்றதும் இங்கே பலருக்குக் கோபம் வந்தது. ஆய்வுலகத்தில் வந்த மறுப்புகள் தரமானவை. ஆர். சம்பகலட்சுமி போன்றவர்கள் கல்வெட்டில் வரும் வரித் துறையைக் காட்டினார்கள். புரவுவரித் திணைக்களம் என்று பெயரோடு இருக்கிறது. இராஜராஜன் காலத்து நில அளவை முந்திரி, கீழ்முந்திரி வரை போகிறது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு, கீழ்முந்திரி அதிலும் 320இல் ஒரு பங்கு. சடங்குத் தலைவன் எதற்கு இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கிறான்? ஸ்டைனுக்கு இதற்குச் சரியான பதில் இல்லை என்பதே என் எண்ணம்.

ஆனால் தேநீர்க் கடைப் பேச்சிலும் யூடியூப் பேச்சிலும் இந்த விவாதம் அபூர்வமாக எட்டிப் பார்க்கும்போது வரும் கோபம் வேறு ஜாதி. ‘சோழனை ஆப்பிரிக்கப் பழங்குடியோடு ஒப்பிடுவதா?’ பைசாந்தியத்தோடு ஒப்பிட்டபோது யாருக்கும் இந்தக் கோபம் வரவில்லையே. இரண்டுமே வெளியூர் ஒப்பீடுதான். இரண்டுமே பொருந்தாமல் போகலாம். ஒன்று நம்மை மேலே தூக்கியது, மற்றது கீழே இறக்கியது என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த மேல், கீழ் யார் போட்ட கோடு? மேற்கு நாகரிகம் என்ற ஏணியை நாம் மறுக்கவேயில்லை. அதில் நம் படி எது என்று மட்டும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். ஸ்டைனிடம் ஆயிரம் குறை இருக்கட்டும். ஒரு ‘செவ்வியல்’ அரசை அந்த ஏணியைவிட்டு இறக்கி, ஆலூர் மக்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்த துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

நடுவில் நிலப்பிரபுத்துவம் என்ற கட்சியும் உண்டு. ஆர்.எஸ். சர்மா 1965இல் வடக்கை வைத்து எழுதியதைத் தெற்குக்கு நீட்டியவர்கள். அதற்கும் மூலம் ஐரோப்பாதான் என்பதால் விட்டுவிட்டு மேலே போகிறேன்.

இந்தச் சண்டையின் நடுவே சத்தமில்லாமல் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஜப்பானியரான நொபுரு கராஷிமா 1966இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரையில் அல்லூர் என்ற ஊர், பக்கத்திலேயே ஈசானமங்கலம் என்ற பிரம்மதேயம். இந்த இரண்டின் சோழர் காலக் கல்வெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நிலத்தை யார் விற்கிறார்கள்? அல்லூரில் ஊரார் சேர்ந்து விற்கிறார்கள். ஈசானமங்கலத்தில் தனித்தனிப் பிராமணர்கள் தங்கள் பங்கை விற்கிறார்கள். அருகருகே இரண்டு ஊர், இரண்டு வகை நில உடைமை. ‘இந்தியக் கிராமம்’ என்று மார்க்ஸிலிருந்து காந்தி வரை எல்லோரும் பேசிய ஒற்றைப் பொருள் ஒரு நடை தூரத்திலேயே உடைந்துபோகிறது.

ஆலூர் ஆப்பிரிக்காவில், அல்லூர் திருச்சிப் பக்கம். ஒரு நெடிலும் ஒரு ஒற்றும்தான் வித்தியாசம். ஒன்று மாதிரியை எங்கிருந்தோ கொண்டுவந்து பொருத்தியது, மற்றது தரையில் கிடந்ததை எண்ணியது. தற்செயல்தான், ஆனால் இதைவிட நல்ல தற்செயலை நான் பார்த்ததில்லை.

எண்ணுவது என்றால் நிஜமாகவே எண்ணுவது. கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுய் மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் தொகுத்து, கணினி உதவியோடு அட்டவணைப்படுத்தி, 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை வெளியீடு. திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட வராத காலம். உடையான், மூவேந்தவேளான், பிரமராயன், அரையன் என்ற பட்டங்கள் எந்த அரசன் காலத்தில், எந்த மண்டலத்தில், எத்தனை முறை வருகின்றன? ‘இராஜராஜ மூவேந்தவேளான்’ என்று அரசன் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்ட ஒருவன் அரசனிடம் பட்டம் வாங்கியவன். அப்படிப்பட்டவர்கள் எங்கே கூடுகிறார்கள், எங்கே குறைகிறார்கள் என்று பார்த்தால் அரசின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்று ஓரளவு தெரியும். எங்கள் தொழிலில் ஒரு சிஸ்டம் எப்படி நடக்கிறது என்று தெரியவேண்டுமானால் அதன் வரைபடத்தை நம்பாதே, லாகைப் பார் என்பார்கள். கராஷிமா குழு செய்தது அதைத்தான்.

தெரியவந்த சித்திரம் பைசாந்தியமும் இல்லை, ஆலூரும் இல்லை. சோழ அரசு ஒரே பொருளாக இருக்கவில்லை. முதலாம் இராஜராஜன் காலத்தில் மையம் இறுகுகிறது, பின்னால் தளர்கிறது. படுகையில் ஒரு மாதிரி, வெளியே ஒரு மாதிரி. பிற்காலத்தில் தனியார் கையில் பெரிய நிலங்கள் சேர்கின்றன. நானூறு வருஷத்தை ஒரே பெயரடைக்குள் அடைக்க நினைத்ததுதான் பழைய சண்டையின் அடிப்படைக் கோளாறு.

அதற்காக இந்தக் குழுவைப் புனிதப்படுத்தவும் மனமில்லை. எண்ணி முடித்தபின் சுப்பராயலுவும் கடைசியில் அந்த அரசுக்கு ஒரு வகைப்பெயர் தேடி, ‘தொடக்ககால அரசு’ என்று ஐரோப்பிய மானுடவியலாளர்கள் செய்த ஒரு பட்டியலுக்குத்தான் போனார். பெயர் வைக்கும்போது எல்லோரும் கடன் வாங்குகிறார்கள். ஒப்பீடே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, ஒப்பிடாமல் எந்த வரலாறும் எழுத முடியாது. எண்ணுவதற்கு முன்னால் ஒப்பிடுகிறாயா, பின்னால் ஒப்பிடுகிறாயா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உத்தரமேரூரைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, 919, 921ஆம் ஆண்டுகள். மேடை தவறாமல் ‘உலகுக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம்’ என்று வரும். கல்வெட்டைப் படித்தால், பெயர் ஓலையில் ஏற வரி கட்டுகிற கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேதம் தெரிந்திருக்கவேண்டும். அது ஒரு பிரம்மதேயத்தின் சபை. கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது என்ற விதியெல்லாம் உண்மையிலேயே அழகு. பொது வேலையைக் குலுக்கல் முறையில் பகிர்வது எப்படி என்று ஆயிரம் வருஷத்துக்கு முன் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஆனால் ஜனநாயகம் என்று பெயர் வைத்ததும் அந்த விதிகள் கண்ணிலிருந்து மறைகின்றன, வேதம் தெரியாதவன், நிலமில்லாதவன் எல்லோரும் மறைகிறார்கள். ஏதென்ஸுக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் உத்தரமேரூரையே நாம் படிக்காமல் விட்டோம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராஜராஜன் கொடுத்த ஊர்களின் பட்டியல் அந்தச் சுவர்களிலேயே இருக்கிறது. ஈழத்து ஊர்களும் அதில் உண்டு. பேரரசு என்று நிரூபிக்க விரும்புகிறவர்கள் அந்த ஈழத்து வரிகளை எடுத்துக் காட்டுவார்கள். அதே பட்டியலில், ஒவ்வொரு ஊருக்கும் வரி போடாமல் கழித்துவிட்ட இடங்களையும் சொல்லியிருக்கிறார்கள். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி. சில ஊர்களில் தீண்டாச்சேரி. பைசாந்தியமா ஆலூரா என்று ஐம்பது வருஷம் பேசியவர்களில் பெரும்பாலோர் இந்தச் சொல்லில் நிற்கவில்லை. கராஷிமாவும் சுப்பராயலுவும் நின்றார்கள். அது எங்கெங்கே வருகிறது, எப்போதிலிருந்து வருகிறது, பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் ஒன்றா வேறா என்று பார்த்தார்கள். இந்தச் சொல்லுக்கு மட்டும் முதல் அலமாரியில் யாரும் உவமை தேடிப் போகவில்லை.