குரலில்லாத அரிச்சந்திரன்

உத்தமபாளையம் பக்கத்தில் விடிய விடிய அரிச்சந்திரன் நாடகம் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: மயான காண்டத்தைத் தூக்கி நிறுத்துவது நடிகனின் தொண்டைதான். அந்தத் தொண்டையைக் கட்டிவிட்டு நடிக்கச் சொன்னால்?

தாதாசாகேப் பால்கே அதைத்தான் சொன்னார். 1913 மே 3-ஆம் தேதி பம்பாய் கொரனேஷன் கொட்டகையில் வெளியான 'ராஜா ஹரிச்சந்திரா' பேசாப் படம். அரசனாக வந்த தத்தாத்ரேய தாமோதர் தாப்கே மராத்தி மேடை நடிகர். ராணி வேஷத்துக்குப் பெண் கிடைக்கவில்லை. ஓட்டல் சமையற்காரர் அண்ணா சாளுங்கே சேலை கட்டினார். அவரே 1917-இல் 'லங்கா தகன'த்தில் ராமனும் சீதையுமாக இரட்டை வேஷம் போட்டார்.

மேடை தோற்றது என்று இதற்கு அர்த்தம் பண்ணிவிடக் கூடாது. கடைசி வரிசைக்காக வீசிப் பழகிய கை, காமிராவின் முன் லேசில் அடங்காது. சமையற்காரருக்கோ மறக்க வேண்டிய பாடமே இல்லை. வாஸ்தவம். ஆனால் பாட்டும் வசனமும் போன பிறகும் அரசன் அரசனாக நிற்க வேண்டுமே! அந்த நிற்கும் நிலை மேடை கொடுத்த சொத்து. குரலை எடுத்த பிறகும் எது மிஞ்சுகிறதோ, அதற்குத்தான் நடிப்பு என்று பெயர்.