தறியின் பெயரால் ஒரு கலைக்கூடம்

கலைக்கூடத்தை மதிப்பிடப் புகுவோர் சுவரில் தொங்கும் ஓவியங்களையே பார்ப்பர். அச்சுவரை எழுப்பிய பொருள் எவ்வழி வந்தது என்று வினவுவோர் சிலரே. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரிலுள்ள கார்ட்ரைட் மண்டபம், அவ்வினாவைத் தவிர்க்க விடாத நகராட்சிக் கலைக்கூடம்.

கம்பளி சீவும் இயந்திரத்தாலும் பட்டு ஆலையாலும் பெருஞ்செல்வம் ஈட்டியவர் சாமுவேல் லிஸ்டர். அவர் அளித்த 40,000 பவுன் கொடையால், அவருடைய பழைய மாளிகை நின்ற இடத்தில் எழுந்து, 1904-இல் திறக்கப்பட்டது இம்மண்டபம். விசைத்தறி கண்ட எட்மண்டு கார்ட்ரைட்டின் பெயரை அதற்குச் சூட்டினர். அத்தறியால் பிழைப்பிழந்த கைத்தறியாளர் எத்தனையோ பேர்! லிஸ்டரின் மானிங்காம் ஆலையில் 1890 டிசம்பரில் கூலியைக் குறைத்தார்கள். சுமார் 5,000 தொழிலாளர் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, 1891 ஏப்ரலில் தோற்றுத் திரும்பினர். கூலியைக் குறைத்த கைதான் பின்னர் கொடையும் வழங்கியது. கொடையைப் பாராட்டுவோம், கூலியை மறக்க வேண்டியதில்லை.

ரெனால்ட்ஸ் தீட்டிய 'பழுப்பு உடைச் சிறுவன்' போன்ற ஆங்கில ஓவியங்களே நெடுங்காலம் இக்கூடத்தின் பெருமை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தோர் இந்நகர ஆலைகளில் இரவு முறை உழைத்தனர். அவர்தம் மரபுக் கலைகளைக் கூடம் முனைந்து சேர்க்கத் தொடங்கியது 1980-களின் நடுவிலேதான். நீமா பூவையா ஸ்மித் போன்ற பொறுப்பாளரின் முயற்சியால் எழுத்தணிக் கலை, பூந்தையல், அணிகலன் ஆகியவை அங்கே இடம்பெற்றன. அனிஷ் கபூரின் 1995-ஆம் ஆண்டுச் சிற்பம் ஒன்றும் சேர்ந்தது. மண்டபத்தின் முன்னே 2001-இல் ஒரு முகலாய நீர்த்தோட்டமும் அமைந்தது.

இதனை வெறும் உபசாரம் என்பாருண்டு. அவ்வாறு தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. பாட்டனார் நாட்டின் கைவினையைத் தம் ஊர்ப் பொதுமண்டபத்தில் காணும் சிறுவன், அங்கே தான் விருந்தினன் அல்லன், உரிமையாளன் என உணர்வான். ஆயினும் ஒரு குறை உறுத்துகிறது. கூடம் கதவைத் திறந்த காலம், ஆலைகள் கதவை அடைத்துக்கொண்டிருந்த காலம். மானிங்காம் ஆலையே 1992-இல் மூடப்பட்டது. பிழைப்புப் போனபின் வந்த மரியாதை அது.

2017-இல் இவ்வூர் மைந்தர் டேவிட் ஹாக்னிக்குத் தனிக் காட்சியறை கண்ட மண்டபத்தில், 2025-இல் டர்னர் பரிசுக் கண்காட்சியும் நடந்தது. புகழுக்கு இனிக் குறைவில்லை. உரைகல் வேறு. பூந்தையலைத் 'தெற்காசியர் கலை' என்று ஒரு மூலையில் ஒதுக்காமல், ரெனால்ட்ஸின் அருகே கலையென்றே வைத்துப் பார்க்க வேண்டும். கார்ட்ரைட், லிஸ்டர் என்னும் பெயர்களைக் கட்டடம் காத்துக்கொள்ளும். இரவெல்லாம் தறியருகே நின்றவர்களை நினைவில் வைக்கும் கடன் உள்ளே இருக்கும் சேகரிப்புக்கே உரியது.