மலையுச்சி மணியும் பெரட்டுத் தப்பும்

நல்லதண்ணியிலிருந்து படியேறி, 2,243 மீட்டர் உயரத்திலுள்ள, இலங்கையின் சிவனொளிபாத மலை உச்சியைத் தொட்டவர்கள் அங்கிருக்கும் மணியை அடிக்கிறார்கள். முதன்முறை வந்தவர் ஒரு தடவை, ஏழாம் முறை வந்தவர் ஏழு தடவை. மூச்சிரைக்கக் கீழ்ப்படியில் நிற்பவர், முகமறியாத ஒருவர் எத்தனை முறை இந்த மலையோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்பதைக் காதாலேயே எண்ணிவிடலாம். பெயரும் இல்லை, பேச்சும் இல்லை; ஆனாலும் அடித்தவரின் சுவடு ஒலியில் இருக்கிறது. தூரத்துச் சகாக்களைப் பிணைக்கக் கருவி செய்பவர்கள் முதலில் கேட்டுப் பழக வேண்டியது இந்த மணியைத்தான். அதே பாங்கில், கலிபோர்னியாவின் ஸெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் நத்தலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் எட்டடி பிளாஸ்டிக் கயிறொன்றைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். மேலே ஒரு சிறு மோட்டார், அதற்குக் கணினி வலையமைப்போடு தொடுப்பு. வலையில் நெரிசல் என்றால் கயிறு சுழன்று சரசரக்கும். ஓய்ந்திருந்தால் சில விநாடிக்கொரு முறை லேசாகத் துடிக்கும். அங்கே பணியாற்றிய மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் 1995இல் அதை வியந்து எழுதினார்கள். பக்கத்து அறையில் வேலை நடக்கிறது என்பதைத் தலை நிமிராமலே உணரவைத்த கயிறு அது.

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் அந்தக் கயிற்றின் மூத்த அண்ணன், தப்பு என்ற பறை. மரவளையம், தோல், இரண்டு குச்சி, அவ்வளவுதான். சாவுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி, முன்பெல்லாம் விடியலில் லயத்து வரிசை வீடுகளிலிருந்து தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கூப்பிட ஓர் அடி. மலைநாட்டுப் பனியில் தோல் தொய்ந்துவிடும் என்பதால் நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்ற வேண்டும். காய்ச்சிய பக்குவமும் கையின் வேகமும் ஒலியில் கேட்கும். தோட்டத் துரைமாரின் ஏவல் கருவியைக் கலை என்று கொண்டாடலாமா என்று கேட்டால், கேள்வி நியாயமானது. பெரட்டுத் தப்புக்கு லயத்திலிருந்து பதில் அடிக்க வழியிருக்கவில்லை. பிந்திப் போனவருக்கு அன்றைய கூலிக் கணக்கில் பேர் விழாமலும் போனதுண்டு. ஆனால் மாசியில் அதே தோல் காமனுக்காக அதிரும்போது கூப்பிடுகிறவர்களும் கூடுகிறவர்களும் ஒரே சனம். குற்றம் தோலில் இல்லை, குச்சி யார் கையில் என்பதில் இருக்கிறது. கைப்பேசி இருக்க இதெல்லாம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. கைப்பேசிக்குக் கல்யாணமும் கடன்காரரும் கிரிக்கெட்டும் பெரும்பாலும் ஒரே ‘டிங்’. எடுத்துப் பார்க்கும்வரை எது வந்ததென்று தெரியாது.

மலையுச்சி மணிக்குத் திரும்பினால், அதை எவரும் அடிக்கலாம். அதனாலேயே ஏமாற்றவும் முடியும், இரண்டாம் முறை வந்தவர் பத்து அடித்தாலும் மணி தடுக்காது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள்தான் ஒரு பார்வை பார்ப்பார்கள்.