நீதிமுரசும் வன்னிக் காணியும்

1874 இல் தொடக்கம்பெற்ற இலங்கை சட்டக் கல்லூரியின் தமிழ் மன்ற ஆண்டு வெளியீடாகிய ‘நீதிமுரசு’ வெறும் விழா மலராக மதிப்பிடப்படுவது பொருந்தாது. விவாத அரங்குகளும் நாடகங்களும் மன்ற வாழ்வுக்கு உயிர்ப்பூட்டுவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் விழா முடிந்தபின் நூலகத்தில் எஞ்சுவது மலரே. புதிய சட்ட அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே இருப்பதால், தமிழில் சட்டம் பயில்வோர்க்கு அதன் கட்டுரையொன்று சிலவேளை பாடநூலாகவே அமைந்துவிடுகிறது.

தமிழ்ச் சட்ட எழுத்தின் செல்லப்பிள்ளை தேசவழமை. முதுசொம், சீதனம் என்பன எழுதுவதற்கும் இனியன. வன்னியின் குடியேற்றத்திட்டக் காணிகளுக்கோ அது போதாது. அனுமதிப்பத்திரக் காணியின் பின்னுரிமையை நிர்ணயிப்பது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டமே. பின்னுரித்தாளர் பெயர்குறிக்கப்படாமலும் வாழ்க்கைத்துணை இல்லாமலும் உரிமையாளர் இறப்பின், அதன் மூன்றாம் அட்டவணை மகளுக்கு முன் மகனையே நிறுத்தியது. 2009 இல் போர் முடிந்து, பெண்கள் தனித்துக் குடும்பம் தாங்கிய காலத்திலும் அவ்வரிசையே நிலவியது; 2022 ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை மாற்றியது. பழைய அட்டவணையையும் புதியதையும் அருகருகே வைத்து விளக்கும் நான்கு பக்கங்கள், மலர்களின் வாழ்த்துச் செய்திகளைவிடக் கிளிநொச்சி நூலகமொன்றில் அதிகம் புரட்டப்படும்.