விளிம்பும் அடியும்

கையால் வனைந்த கோப்பை எது கிடைத்தாலும் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பேன். நிறமும் பூவேலையும் பிறகுதான். வனைந்தவரின் கை அடிவளையத்தில் தெரிந்துவிடும். பாதி காய்ந்த கோப்பையைச் சக்கரத்தில் கவிழ்த்து வைத்து, அடிமண்ணைச் சீவி எடுக்கும்போது உருவாவது அந்த வளையம். சீவியது போதாவிட்டால் கோப்பை அடிகனத்து, தூக்கும்போது மணிக்கட்டை இழுக்கும். சரியாகச் சீவியிருந்தால், பார்த்து நினைத்த எடையே கைக்கும் வரும்.

பாலக்காட்டுக் குயவர்களின் சட்டிபானைகளுக்கு அழகில் குறைவில்லை. ஆனால் திறந்த சூளையின் மிதமான சூட்டில் வெந்த மண்ணில் நுண்துளைகள் அடைபடுவதில்லை. குடிதண்ணீர்ப் பானைக்கு அந்தக் கசிவுதான் வேண்டும். நீர் குளிர்வது அதனால்தான். தினமும் சூடான தேநீர் ஊற்றும் கோப்பைக்கு அது ஒத்துவராது. மண்ணே இறுகிக் கல்லாகும் ஸ்டோன்வேருக்கு ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆகவே இடுக்கி மலையில் விளையும் தேயிலைக்குப் பொருத்தமான கோப்பையை நான் தேடிப் போவது புதுச்சேரிக்கு.

அங்கே ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் மண்பாண்டக் கலை பயின்றவர். உள்ளூர்த் தமிழர்கள் பலர் அங்கே தொழில் பழகினார்கள். வெளியூரிலிருந்து வந்து கற்றவர்கள் தனிப் பட்டறைகள் வைத்தார்கள். இன்று புதுச்சேரி, ஆரோவில் வட்டாரக் கோப்பைகளுக்கென்று ஒரு முகம் இருக்கிறது என்றால், அதன் வேர் அங்கேதான்.

அந்த மரபில் வந்த ஒரு கோப்பையைப் பாருங்கள். சாம்பல் கலந்த பூச்சு, பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். சூளையில் உருகி வழிந்த பூச்சு, விரல் விட்ட வரிப்பள்ளங்களில் தேங்கிக் கறுத்திருக்கிறது. மேடுகளில் மெலிந்து மண்ணின் நிறத்தைக் காட்டுகிறது. அடிவளையத்துக்கு ஒரு விரற்கடை மேலே பூச்சு தடித்து நின்றுவிட, கீழே வெறும் மண். வயிற்றில் இரும்பு ஆக்சைடைத் தொட்டுத் தூரிகையால் இழுத்த மூன்றே புல்லிதழ்கள். இரண்டு மேலே போகின்றன. மூன்றாவது வளைவோடு திரும்பி மறைய, கோப்பையைச் சுழற்றினால்தான் அதன் நுனி தெரிகிறது. அலங்காரம் என்றால் எனக்கு இதுதான். வடிவத்தைக் கேட்காமல் சுற்றிலும் பூவாக நிரப்பிய கோப்பையைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

தூரிகையே படாத அலங்காரமும் உண்டு. மறையூரில் முனியறைகள் என்று சொல்லப்படும் பழங்காலக் கல்லறைகள் எந்தப் பெருங்கற்காலப் பண்பாட்டின் மிச்சமோ, அந்தப் பண்பாட்டின் அடையாளமான கருப்பு-சிவப்புக் கிண்ணங்களில் உட்புறமும் விளிம்பும் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால், காற்றுப் படாத பக்கம் கறுத்தது என்பது பொதுவான விளக்கம். இரண்டு நிறமும் சேரும் இடத்தில் நேர்க்கோடு கிடையாது, ஒன்று மற்றொன்றில் மங்கிக் கரையும். தீயே போட்ட அந்தக் கரைக்கு ஈடாக ஒரு தூரிகை வேலையை நான் பார்த்ததில்லை.

பிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நனைத்து நனைத்து உருவி இழுத்த மண்ணில், ஒட்டும் இடம் தடித்து, நடு மெலிந்து, விரல் தானாக உள்ளே போக வேண்டும். அச்சில் வார்த்த பிடிக்கு இந்த ஏற்ற இறக்கம் அரிதாகவே வாய்க்கிறது.

கடைசிச் சோதனை உதட்டுக்கு. விளிம்பு மெலிந்திருந்தும் கூர்மையாக இருக்கக் கூடாது. லேசாக வெளியே சாய்ந்திருந்தால் தேநீர் சிந்தாமல் நாக்குக்கு வரும். வாங்கும் இடத்தில் கோப்பையைக் கழுவி, கொஞ்சம் தண்ணீர் கேட்டுக் குடித்துப் பாருங்கள். நல்ல குயவர் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.